பின்னேரம் ஊதிய சங்கு

சுமித்திரா கதிரையில் இருந்து சாப்பிட்டதை அந்தக் குடியேற்றத்தில் கண்டவர் இல்லை. சோற்றுக் கோப்பையை இடக்கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலுக்கும் படலைக்கும் நடந்து நடந்தே தின்று முடிப்பாள். புருசன் அனோஜன் உழவு மெஷின் ஓட்டுகிறவன். "எல்லா மெஷினுக்கும் பிரேக் பூட்டலாம், இவளுக்குத்தான் ஏலாமல் கிடக்கு" என்று ஆட்களுக்கு முன்னால் பகிடி விடுவான். அவள் சிரிப்பாள், ஆனால் நிற்க மாட்டாள்.

செட்டிகுளத்துக்கு உள்ளே, குளக்கட்டோடு ஒட்டிய சின்னக் குடியேற்றம் அது. இங்குள்ளவர்களின் தாத்தாமார் கலவரக் காலத்தில் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பழையவர்களின் வாயில் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். இளையவர்களுக்கு வன்னிப் பேச்சு ஏறிவிட்டது. சுமித்திரா காலையில் முன்பள்ளி ரீச்சர். பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துச் சாரணப் பிள்ளைகளைப் பார்க்கிறதும் அவள்தான். அதற்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. பதினாலு பிள்ளைகள், பதினாலு கழுத்துப்பட்டி. அதில் ஒன்று அவளுடைய மகள் யதுர்ஷிகாவுடையது.

மார்கழி லீவு வந்தது. லீவு என்று பேர்தான். காலையில் ரியூசன், பின்னேரம் ரியூசன், நடுவில் மழை. பிள்ளைகள் புத்தகப் பையைக் கழற்றாமலே லீவைக் கழிக்கிறார்கள் என்று சுமித்திராவுக்கு வயிற்றெரிச்சல். அவள் ஒரு முடிவெடுத்தாள். திருவாதிரைக்கு முந்திய பத்து விடியலும் சாரணப் பிள்ளைகள் சங்கும், தட்டி ஒலிக்கிற வெண்கலச் சேமக்கலமும் கொண்டு, சுவாமி படம் தூக்கி, பாட்டுப் பாடி, வீடு வீடாகப் போய்ச் சனத்தை எழுப்ப வேண்டும். முந்தி ஊரில் இருந்த வழக்கம்தான். பாடுகிற கிழவர்கள் ஒவ்வொருவராய்ப் போக, நாலு வருசமாய் நின்றுபோய்க் கிடந்தது.

"சாரணர் ஒரு நாளைக்கு ஒரு நற்செயல் செய்ய வேணும். இது பத்து நாள், பத்து நற்செயல்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

கடைக்கார நளீரின் மகன் ஸாஜித் கையை உயர்த்தினான். "ரீச்சர், நித்திரை கொள்ளிற ஆளை எழுப்பிறது நற்செயலோ?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சுமித்திரா, "எழும்பின ஆக்களிட்டப் போய்க் கேள்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அவளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்றால், அதற்கு ஒரு மார்கழி இருக்கிறது. சண்டை முடிந்த வருசம் அவளுக்குப் பதினேழு வயது. பரந்தனிலிருந்து நடந்து நடந்து, கடைசியில் முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே வந்து படுத்தவள். மார்கழி பிறந்ததும் உடம்பு பழக்கத்தில் விடிய நாலு மணிக்கு முழித்துக்கொள்ளும். காது தீட்டிக்கொண்டு கிடப்பாள். சங்கு வராது. பக்கத்தில் ஆயிரம் பேர் கிடக்கிறார்கள், எல்லாரும் முழித்துத்தான் கிடக்கிறார்கள், எழுப்ப ஒருத்தர் இல்லை. பத்து நாளும் அப்படி. அதற்குப் பிறகுதான் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது என்று தாய் சொல்லுவாள். எந்த வைத்தியரும் அதை எழுதித் தரவில்லை. ஆனால் தாய் சொன்னது சரிதான். ஒரு பிள்ளையாவது சங்குக்கு எழும்பி வளர வேண்டும் என்பது அவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது.

சங்கும் சேமக்கலமும் பிள்ளையார் கோயிலில் இருந்தன. கோயில் தலைவர் தருமலிங்கம் நல்ல மனுசன்தான், ஆனால் எதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்.

"பத்துப் பேர் சேரவேணும் பிள்ளை. விடியப்புறம் யானை வாற பாதை. பத்துப் பேருக்கு ஒரு ஆள் குறைஞ்சாலும் சாமான் தரமாட்டன்."

"பதினாலு பிள்ளையள் இருக்கினம் அண்ணை!"

"பேர் இருக்கும். விடிய நாலரைக்கு ஆள் இருக்கோணும். பழகிறதுக்கு இப்ப கொண்டு போ. வியாழக்கிழமை விடிய நான் கோயில் வாசலில நிண்டு எண்ணுவன்."

அந்த வருசம் முதல் விடியல் வியாழக்கிழமை, கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் வந்தது. பிழை நடந்தது அதற்கு முந்திய திங்கட்கிழமை பின்னேரம்.

சங்கு எந்த நேரம் ஊதலாம், எந்த நேரம் ஊதக்கூடாது என்று சுமித்திராவுக்குத் தெரியாமல் இல்லை. மார்கழி விடியலில் ஊதினால் சாமி வருகிறது. பின்னேரம் நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் சேர்ந்து கேட்டால் செத்தவீடு. அதனால்தான் பிள்ளைகளை வீடுகளுக்குத் தூரமாய்க் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள். திங்கட்கிழமை குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கிவிட்டது. குளக்கட்டில் ஏற ஒருவரையும் விடவில்லை. இன்னொருத்தி என்றால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். சுமித்திராவுக்கு நாளை என்ற சொல் ஆகாது. முன்பள்ளியைத் திறந்து எல்லாரையும் உள்ளே ஏற்றினாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற கொட்டில் சங்குச் சத்தம் வெளியே போகாது என்று நினைத்தாள்.

"ஊது யது. ஒருக்காத்தான். சேமக்கலம் மெல்லமாய்."

யதுர்ஷிகா மூச்சை இழுத்து ஊதினாள். அதுவரை காற்று மட்டும் வந்த சங்கு, அன்றைக்கென்று பார்த்து முழுத் தொண்டையில் எழும்பியது. பிள்ளைகளுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. இன்னொருக்கா, இன்னொருக்கா என்று ஆறு தரம் ஊதிவிட்டார்கள். சேமக்கலக்காரனுக்கும் கை ஓயவில்லை.

முன்பள்ளிக்கு அடுத்த வளவு சிவராசாவுடையது. எழுபது தாண்டிய மனுசன். வவுனியா ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து, "வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று அனுப்பப்பட்டு வந்து நாலு நாள். ஊர் முழுக்க அவருடைய மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளின் சத்தத்துக்குள் சுமித்திராவின் போன் அடித்தது. ஊரின் அடுத்த தலைப்பில் இருக்கிற கஜேந்தினி. அவளுடைய இரண்டு பெட்டைகளும் சாரணப் பிள்ளைகள்தான், ஆனால் அன்றைக்கு ரியூசன் என்று வரவில்லை.

"ரீச்சர், சங்குச் சத்தம் கேட்டது. உங்கட பக்கமே?"

"ஓம் ஓம், எங்கட பக்கம்தான்."

"அட கடவுளே. அப்ப எப்ப எடுக்கினம்?"

"வியாழக்கிழமை விடிய. நாலரைக்கு எடுக்கிறம்."

சுமித்திரா சுவாமி படம் எடுப்பதைச் சொன்னாள். கஜேந்தினி வேறு எடுப்பைக் கேட்டாள்.

"விடியவோ? ஏன் அவ்வளவு வெள்ளன?"

"வேறை எப்ப எடுக்கிறது? வெய்யில் வந்த பிறகே? உங்கட பிள்ளையளையும் தலை முழுகவாத்துக் கட்டாயம் அனுப்புங்கோ."

"பிள்ளையளையுமோ ரீச்சர்?"

"பிள்ளையள்தானே முன்னுக்குப் போறது! சரி வைக்கிறன், இஞ்ச தலைக்கு மேல வேலை."

போனை வைத்த கஜேந்தினி புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "சிவராசா அண்ணை போயிட்டாராம். வியாழன் மட்டும் வைச்சிருக்கினமாம். வெளிநாட்டில இருந்து ஆரும் வரவேணுமாக்கும்." அங்கிருந்து கதை மழையையும் முந்திக்கொண்டு ஓடியது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். முன்பள்ளி யன்னலால் சுமித்திரா பார்த்தாள். மரண உதவிச் சங்கத்து லான்ட்மாஸ்டர் மெஷின் கதிரைகளும் தறப்பாளுமாய்ச் சிவராசாவின் வளவுக்குள் திரும்பியது. பின்னால் குடை குடையாய்ச் சனம். நளீர் சைக்கிளில் சீனியும் தேயிலையும் கட்டிக்கொண்டு வந்தார். தன் சங்குதான் இவ்வளவு பேரையும் கூட்டி வந்தது என்று சுமித்திராவுக்கு ஓடவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சீவன் போய்க்கொண்டிருந்த நேரம் நாங்கள் இங்கே கூத்தடித்திருக்கிறோமே என்றுதான் நினைத்தாள். செருப்பையும் விட்டுவிட்டு, "ஐயோ மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

உள்ளே சிவராசா கட்டிலில் நிமிர்ந்து இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சனம் ஒன்றன்மேல் ஒன்றாய் முட்டிக்கொண்டு நின்றது. கதிரை தூக்கி வந்தவன் கதிரையோடு நின்றான். மகள் பத்மாசனி கரண்டியைப் பிடித்தபடி எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா கூட்டம்?" என்றார் சிவராசா. "எலெக்சனா?"

"அப்பா, நீங்கள் செத்திட்டீங்களெண்டு வந்திருக்கினம்" என்றாள் பத்மாசனி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

"யாரு சொன்னா?"

அந்த நேரம் பார்த்து முன்பள்ளிக்குள் தனியே விடப்பட்ட பிள்ளைகள் ஏழாவது தரம் சங்கை ஊதினார்கள். எல்லாத் தலையும் சுமித்திராவின் பக்கம் திரும்பியது. தலையில் வைத்த கை அவளுக்கு அங்கேயே நின்றுவிட்டது.

சனம் சிரித்துக் கலைந்திருந்தால் அது ஒரு பகிடியாய் முடிந்திருக்கும். படலையில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. சிவராசாவின் தம்பி செல்லமுத்து. குளத்துக்கு அந்தப் பக்கம், மூன்று கட்டைத் தூரத்துக்கு அப்பால் இருக்கிறவர். சாரம் தொடைவரை சேறு, மேலில் சட்டை இல்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தவும் இல்லை, ஒருவரையும் பார்க்கவும் இல்லை.

"எடுத்துட்டீங்களா?" என்று கத்தினார். "எடுத்துட்டீங்களாடா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று ஊருக்குத் தெரியும். பன்னிரண்டு வருசத்துக்கு முன் இவர்களுடைய தாய் மாரியில் செத்தபோது, செல்லமுத்து மன்னார்ப் பக்கம் நெல் அருவி வெட்டப் போயிருந்தார். பாலத்துக்கு மேலால் வெள்ளம், பஸ் இல்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியது கடைசி மகன். சிவராசா ஒரு நாள் பார்த்தார், பிறகு தானே வைத்துவிட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது சாம்பலும் ஆறிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு. ஒரே கோயில், ஒரே சந்தை, ஒரே குளத்துத் தண்ணீர், பேச்சு மட்டும் இல்லை.

உள்ளிருந்து சிவராசாவின் குரல் வந்தது. "இன்னும் எடுக்கல. வா."

செல்லமுத்து வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"நீ சாகலயா?"

"இல்ல."

"சரி" என்றார் செல்லமுத்து. திரும்பி நடந்தார். பத்மாசனி ஓடிப்போய், "சித்தப்பா, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று மறித்தாள். கூரைத் தண்ணீர் முதுகில் வடிய, தாவாரத்தில் நின்றபடி குடித்தார். உள்ளே கால் வைக்கவில்லை. கோப்பையை டங்கென்று தாவாரத்து வாங்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கட்டிலில் இருந்தவர் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று பொழுதுபடத் தருமலிங்கம் வந்து சங்கையும் சேமக்கலத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "அபசகுனம் பிள்ளை. உயிரோட இருக்கிற மனுசனுக்குச் சாவுச் சங்கு ஊதியாச்சு. இந்த வருசம் விடு."

செவ்வாய்க்கிழமை சுமித்திரா வீடு வீடாய் ஏறி இறங்கினாள். "ரீச்சர், என்ர பிள்ளைக்குத் தடிமன்." "ரீச்சர், நிஷாந்தன் சேர் விடிய ஆறுக்குக் கிளாஸ் வைச்சிட்டார்." "நாங்கள் இராப்பூசைக்குத் தேவாலயம் போயிட்டு வந்து படுக்கவே மூண்டு மணியாகும், குறை நினையாதேங்கோ." அது நியாயம்தான், நத்தாரை யார் குற்றம் சொல்வது. கஜேந்தினி படலையைத் திறக்காமலே பேசினாள். ஊர் அவளைத்தான் புளுகி என்று நேற்றிலிருந்து கேலி பண்ணுகிறது.

"நீங்கள்தானே ரீச்சர் நாலரைக்கு எடுக்கிறமெண்டியள்!"

"நான் சாமியைச் சொன்னனான் கஜே."

"நான் சவத்தையல்லோ கேட்டனான்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வரப் பார்த்தது. கஜேந்தினி அதை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாலு பேர் நாலாய்க் குறைந்தது. சுமித்திரா அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, நடந்தபடிகூட. அனோஜன் பகிடி விடவில்லை. "நானும் வாறன், என்னையும் சேர்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை காலை அவள் சிவராசாவிடம் போனாள். மன்னிப்புக் கேட்கப் போனவள், கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே கேட்டாள்.

"மாமா, நான் செய்தது பெரிய பிழை. உங்களுக்குப் போய்..."

"ஒரு இடத்துல நில்லு புள்ள, தல சுத்துது" என்றார் அவர். அவள் நின்றாள். "சங்கு எனக்குத்தானே ஊதுனீங்க? அபசகுனமா இல்லையான்னு நான் சொல்லணும், அவன் என்னா சொல்றது? எங்க அந்தத் தருமலிங்கம், போனைப் போடு."

போனில் அவர் பேசியது அடுத்த வீடுவரை கேட்டது. "யோவ் தலைவரு, எனக்கு ஊதியாச்சு. இனிமே எனக்குன்னு ஒரு தடவ ஊத வேணாம், அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு. புள்ளைங்கள ஊருக்கு ஊத விடுய்யா. பன்னெண்டு வருசமா இந்த வாசப்பக்கம் திரும்பாத ஒருத்தன் அந்தச் சத்தத்துக்கு ஓடியாந்தான். எந்த ஐயரு மந்திரத்துக்கு வந்தான் அவன்?"

தருமலிங்கம் இறங்கினார், ஆனால் பாதிதான். பத்துப் பேர் சட்டத்தை விடவில்லை.

வியாழக்கிழமை விடிய மழை தூறலாய் நின்றது. கோயில் வாசல் விளக்குக்குக் கீழே தருமலிங்கம் சால்வையால் தலையை மூடிக்கொண்டு எண்ணினார். யதுர்ஷிகா ஒன்று. குளக்கட்டுப் பொடியன்கள் இரண்டு பேர். கஜேந்தினியின் பெட்டைகள் இரண்டு பேர்; தாய் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். சுமித்திரா, அனோஜன். ஏழு. அதற்குப் பிறகு ஒரு பெரிய ரோச் லைற் ஆடி ஆடி வந்தது. நளீரும் ஸாஜித்தும்.

"நளீர், நீர் எங்கட பாட்டுப் பாடுவீரோ?" என்றார் தருமலிங்கம்.

"பாட்டு உங்கட, வெளிச்சம் என்ர. நாங்க எப்பிடியும் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிற ஆக்கள். யானை வந்தா, என்ன சமயமெண்டு விசாரிச்சா துரத்தப் போகுது?"

"சரி, எட்டு, ஒன்பது." தருமலிங்கம் பாதையைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. நேரம் நாலரை தாண்டியது. நாலு நாற்பது. பிள்ளைகள் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். "ஒரு ஆள் குறையுது பிள்ளை."

சுமித்திரா சுவாமி படத்தைக் கையில் எடுத்தாள்.

"படம் என்ர வீட்டுப் படம் அண்ணை. சாமானை நீங்களே வைச்சிருங்கோ. வாய் எங்கட. பிள்ளையள், வாங்கோ."

அவள் நடந்தாள். பிள்ளைகள் பார்த்தார்கள், பிறகு அவர்களும் நடந்தார்கள். சங்கில்லாமல், சேமக்கலமில்லாமல், நளீரின் வெளிச்சத்துக்குப் பின்னால் ஒன்பது பேர். முதல் பாட்டு ஒழுங்காய்ப் பிடிபடவில்லை. யதுர்ஷிகா மேலே போனாள், பொடியன்கள் கீழே போனார்கள். ஆனாலும் நிற்கவில்லை.

இருபது பாகத் தூரம் போயிருப்பார்கள். பின்னால் ஓடி வருகிற காலடி, சங்கில் வெண்கலம் இடிபடுகிற சத்தம்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! குழந்தைப் பிள்ளையளை யானைப் பாதையில விட்டிட்டு நான் எப்பிடி அங்க நிக்கிறது?" தருமலிங்கம் மூச்சு வாங்கினார். ஒரு கையில் சங்கு, மறு கையில் சேமக்கலம். "நான் பத்தாவது. எண்ணிப் பாருங்கோ."

"எண்ணத் தேவையில்லை அண்ணை" என்றாள் சுமித்திரா.

முதல் வீடு எது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. கால்கள் நேரே சிவராசாவின் படலைக்குத்தான் போயின. யதுர்ஷிகா சங்கைக் கையில் வாங்கினாள். ஊதட்டோ என்று தாயைப் பார்த்தாள். தாய் தலையசைத்தாள். இந்த முறை ஒரே ஒரு தரம், நீளமாய்.

சங்கு ஓய்ந்ததும் வீட்டுக்குள்ளே யாரோ செருமினார்கள். கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டாங்க. போய்க் கதவத் தொற" என்றது சிவராசாவின் குரல்.

"ஒன் வீடு, நீ தொற" என்றது செல்லமுத்துவின் குரல்.

"நான் நோயாளிடா."

"செத்துப் பொழச்சவனுக்கு என்னா நோவு? எந்திரி. நேத்து ராவு முழுக்கக் கொறட்ட விட்டு என்னையத் தூங்க விட்டியா நீ?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸாஜித் சுமித்திராவின் கையைச் சுரண்டி, "ரீச்சர், எழும்பின ஆக்கள்தானே, நான் கேக்கட்டோ?" என்றான். அவள் அவனுடைய தலையில் கை வைத்து, பொறு என்றாள். உள்ளே இரண்டு கிழவர்களும் இன்னும் முடிக்கவில்லை. யார் திறப்பது என்று தீர்கிற மட்டும், படத்தை நெஞ்சோடு பிடித்தபடி சுமித்திரா தூறலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.